ஒயின் பாட்டில் காயவைக்கும் ஸ்டாண்டு, கடற்கரை ஊர் வீடுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் காலி ஒயின் பாட்டிலைத் தூக்கிப் போட மனம் வராத வீடுகள் நிறைய. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேன், நன்னாரி சர்பத், வினிகர் என்று எதையாவது ஊற்றி வைக்கிறார்கள். கழுவுவது எளிது. காயவைப்பதில்தான் எல்லாரும் திணறுகிறார்கள். 24 பாட்டில் பிடிக்கும் ஒரு ஸ்டாண்டை வீட்டிலேயே செய்வது பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அளவுகள் எல்லாம் 750 மி.லி. பாட்டிலுக்கானவை.

கழுவி, சுவரோரம் கவிழ்த்து வைத்தால் போதாதா? இதற்கென்று ஒரு ஸ்டாண்டு எதற்கு?

தண்ணீர் வடிவது வேறு, பாட்டில் காய்வது வேறு. கவிழ்த்து வைத்தால் வடிந்துவிடும். ஆனால் உள்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய ஈரம் வடியாது, ஆவியாகித்தான் போக வேண்டும். அது போக வழி வேண்டுமே.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அப்படியானால் 750 மி.லி. பாட்டிலுக்குள் இருக்கும் காற்று தாங்குவது சுமார் 23 மில்லிகிராம். ஒரு சொட்டுத் தண்ணீர் சுமார் 50 மில்லிகிராம். அதாவது முழு பாட்டில் காற்றும் சேர்ந்து அரைச் சொட்டைத்தான் குடிக்கும். அதுவும் வெளிக்காற்று முற்றிலும் வறண்டிருந்தால். நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே முக்கால் பங்கு ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு முறை காற்று மாறும்போது 6 மில்லிகிராம்கூட வெளியேறாது. வடித்த பிறகும் உள்ளே ஒரு மி.லி. ஒட்டியிருந்தால், பாட்டில் காற்று 170 முறைக்கு மேல் மாறியாக வேண்டும்.

சுவரோரம் தரையில் கவிழ்த்த பாட்டிலின் வாய் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. காற்று எப்படி மாறும்? இரண்டு நாள் கழித்து எடுத்தாலும் உள்ளே பனி படிந்திருப்பது இதனால்தான். பாட்டிலைத் தாங்குவது மட்டும் ஸ்டாண்டின் வேலை ஆகாது. வாயை நாலு பக்கமும் காற்றில் விட வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு பதிலிலும் இந்த ஒரு விஷயத்தைத்தான் பார்க்கிறேன்.

ஒரு சொட்டு ஈரம் இருந்தால் என்ன ஆகிவிடும்?

உள்ளே ஊற்றப்போவதைப் பொறுத்தது. வினிகருக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் அப்படியில்லை: தண்ணீர் அடியில் தங்கி, எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் கெடுதல் தொடங்கும், சீக்கிரமே சிக்கு வாடை வரும். தேனில் ஈரம் கூடினால் புளிக்க ஆரம்பிக்கும். எண்ணெய்க்கும் தேனுக்கும் பாட்டில் எலும்பு போலக் காய்ந்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: நல்லெண்ணெய்க்குக் கரும்பச்சை ஒயின் பாட்டில் உண்மையிலேயே நல்ல பாத்திரம். எண்ணெயைக் கெடுக்கும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை அது தடுக்கிறது. உள்ளே தெரியும் நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டிலோடு இதை ஒப்பிடவே முடியாது.

நிமிர்த்தி வைத்தால் ஆவி மேலே போகாதா? சாய்த்து வைத்தால்?

நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடிக்குப் போகும். ஒயின் பாட்டிலின் அடியில் உள்நோக்கிக் குவிந்த மேடு இருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு வாய்க்கால் மாதிரி பள்ளம் ஓடுகிறது. கடைசித் தண்ணீர் அங்கே போய் வட்டமாக உட்கார்ந்துவிடும். துணி போகாது, பிரஷும் சரியாகப் படாது. ஆகவே முதலில் கவிழ்த்துத்தான் ஆக வேண்டும்.

சாய்த்து வைப்பதில் பாட்டிலின் தோள் முக்கியம். போர்தோ வகை, அதாவது தோள் தூக்கலாக, உடல் நேராக இருக்கும் பாட்டிலை அதிகம் சாய்த்தால், கீழ்ப்பக்கத் தோளின் உள்ளே தண்ணீர் தேங்கி நின்றுவிடும். பர்கண்டி வகையில் தோள் சரிந்து இறங்குவதால் ஓரளவு சாய்வைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டையும் கலந்து வைக்கிறவர்கள்தான் அதிகம் என்பதால், நேர் செங்குத்தாகக் கவிழ்ப்பதே பாதுகாப்பு.

சரி, எப்படிச் செய்வது? அளவோடு சொல்லுங்கள்.

நான் சொல்வது இரட்டைப் பலகை முறை. மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, இரண்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை. பாட்டிலின் கழுத்து இரண்டு ஓட்டையிலும் இறங்கும். தோள் மேல் பலகையில் உட்காரும். வாய் கீழ்ப் பலகைக்கும் கீழே காற்றில் தொங்கும். பாட்டிலுக்குள் எதுவுமே நுழையாது, அதனால் உள்ளே அழுக்குப் படவும் வழியில்லை.

12 மி.மீ. மரைன் ப்ளைவுட்டில் (தண்ணீரைத் தாங்கும் ஒட்டுப்பலகை) 700 × 480 மி.மீ. அளவில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஓரத்திலிருந்து 75 மி.மீ. விட்டு, மையத்துக்கு மையம் 110 மி.மீ. வைத்துப் புள்ளி குறித்தால் நீளத்தில் 6, அகலத்தில் 4, ஆக 24 புள்ளி கிடைக்கும். சாதாரண போர்தோ பாட்டிலின் உடல் சுமார் 75 மி.மீ. விட்டம்தான், அதற்கு 100 மி.மீ. இடைவெளியே போதும். ஆனால் ஷாம்பெயின் பாட்டில் 90 மி.மீ. வரை வரும். அது நுழையவும், உங்கள் விரல் நுழையவும் 110 வேண்டும்.

இரண்டு துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து சி கிளாம்ப் போட்டு இறுக்கி, சேர்த்தே துளை போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் ஏதாவது ஒரு ஓட்டை இரண்டு மி.மீ. தள்ளிப் போகும், அந்த இடத்தில் பாட்டில் எப்போதும் கோணலாகவே நிற்கும். ட்ரில் மெஷினில் ஒன்றரை அங்குல (38 மி.மீ.) ஹோல் சா, அதாவது வட்டமாக ஓட்டை அறுக்கும் ரம்பம், மாட்டிக்கொள்ளுங்கள். மேலிருந்து துளைத்துக்கொண்டே போய், நடுவில் இருக்கும் மெல்லிய பிட்டு அடிப்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்துங்கள். கட்டைத் திருப்பிப் போட்டு அந்தச் சின்னத் துளையை வைத்தே மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். அப்போதுதான் அடிப்பக்கம் சிலாம்பு பிய்ந்து வராது. பிறகு ஓட்டையின் விளிம்பை உப்புத்தாளால் நன்றாக மழுக்குங்கள். கூரான விளிம்பில் சரிவுத்தோள் பாட்டில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும்.

இரண்டு பலகைக்கும் நடுவே 50 மி.மீ. உயரக் கட்டைகள். நான்கு மூலையிலும் ஒன்று, நீளவாக்கில் நடுவில் பக்கத்துக்கு ஒன்று. ஆக மொத்தக் கனம் 12, 50, 12 சேர்ந்து 74 மி.மீ. இதை வெட்டுவதற்கு முன் உங்களிடம் இருக்கும் பாட்டிலை எடுத்து, வாயிலிருந்து கழுத்து 38 மி.மீ. தடிக்கும் இடம் வரை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். 85 மி.மீ.க்கு மேல் இருந்தால் வாய் ஒரு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அது சரி. குறைவாக இருந்தால் நடுக்கட்டையின் உயரத்தைக் குறையுங்கள். வாய் கீழ்ப் பலகைக்குள்ளேயே நின்றுவிட்டால் செய்த வேலைக்குப் பயனில்லை.

கால்கள் இரண்டங்குலச் சட்டம் நான்கு. கீழ்ப் பலகைக்கு அடியில் ஒரு அடியாவது வெற்றிடம் விடுங்கள். 24 பாட்டில் சாதாரண வகையாக இருந்தால் 12 கிலோ அளவில் வரும். ஷாம்பெயின் பாட்டிலாக இருந்தால் 20 கிலோ. நாலு பாட்டில் மட்டும் வைக்கும்போது ஒரே ஓரத்தில் அடுக்காமல் பரவலாக வையுங்கள்.

ஏன் இரட்டைப் பலகை? ஒன்று போதாதா?

ஒற்றைப் பலகையில் தோள் உட்காரும் வட்டம் ஒன்றரை அங்குலம்தான். அதன்மேல் இருபது செ.மீ. உடல் தலைகீழாக நிற்கிறது. கை பட்டால் ஆடும், பக்கத்துப் பாட்டிலில் இடிக்கும். கழுத்தைக் கீழே இன்னொரு ஓட்டை பிடித்துக்கொண்டால் அந்த ஆட்டம் சில டிகிரிக்குள் நின்றுவிடும்.

எந்த மரம் நல்லது? எங்கள் தோப்பில் சவுக்கு இருக்கிறது, பயன்படுத்தலாமா?

பலகைக்கு மரைன் ப்ளைவுட். வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ். 303 என்று இருப்பது பொது உபயோக வகை, எப்போதும் நனைகிற வேலைக்கு அது வேண்டாம். மரத்தூளை ஒட்டிச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பக்கமே போகாதீர்கள். ஒரு மழைக்காலத்தில் ஊதி உதிர்ந்துவிடும். முழுத் தாள் வாங்க வேண்டியதில்லை. ஆசாரி பட்டறையில் மிச்சத் துண்டு கேட்டாலே இந்த அளவு தேறும்.

காலுக்குச் சவுக்கு தாராளமாகப் போதும். கடலோரத் தோப்புகளில் அதைவிட மலிவாக நேர்க்கம்பு எதுவும் கிடைக்காது. பட்டையை முழுக்கச் சீவிவிட்டு நிழலில் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். பட்டையோடு வைத்தால் வண்டு துளைக்கும். நீளவாக்கில் வெடிப்பு விடும்தான், காலுக்கு அது பெரிய குறை இல்லை. ஓட்டை போடும் பலகைக்குச் சவுக்கு ஆகாது.

பண்ருட்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பலா உண்டு. வீணை செய்யத் தஞ்சாவூருக்குப் போகிற மரம், இந்த வேலைக்கு அது அதிகம்தான். 2011 டிசம்பர் 30 தானே புயலில் விழுந்த மரத்தை அறுத்துப் போட்ட பலகை உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், இதைவிட நல்ல உபயோகம் அதற்குக் கிடைக்காது. கரையானும் லேசில் அண்டாது.

எந்த மரமானாலும் வார்னிஷ் இரண்டு பூச்சு. முகப்பைவிட ஓட்டையின் உள்சுவருக்கும் பலகையின் ஓரத்துக்கும் கூடுதலாகப் பூசுங்கள். ப்ளைவுட்டில் தண்ணீர் ஏறுவது ஓரம் வழியாகத்தான். சிலர் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசலாமா என்று கேட்கிறார்கள். மீனவர்கள் படகுக்குப் பூசும் அந்த எண்ணெய் மரத்துக்கு நல்ல காப்பு. ஆனால் தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கால்களுக்கு மட்டும், கையுறை போட்டுக்கொண்டு பூசுங்கள். பாட்டில் படும் பலகைக்கு வேண்டாம்.

என்னிடம் ஹோல் சா இல்லை. கம்பி நட்டு அதில் பாட்டிலைக் கவிழ்த்தால்?

செய்யலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, பாட்டில் வாயின் உள்விட்டம் சுமார் 18.5 மி.மீ. தான். அரை அங்குல யு.பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., அது நுழையாது. அரை அங்குல சி.பி.வி.சி. குழாய், வெந்நீருக்குப் போடுவார்களே, அது 15.9 மி.மீ., நுழையும். ஆனால் சுற்றிலும் ஒரு மி.மீ. சொச்சம்தான் இடம் மிஞ்சும். அதனால் குழாயைப் பலகைக்கு அடியில் ஊடுருவ விட்டு, இரண்டு முனையையும் திறந்தே வையுங்கள், குழாயின் உள்ளே காற்று ஏறும். எட்டு மி.மீ. எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பியானால் சுற்றிலும் இடம் தாராளம்.

இரண்டாவது, பாட்டில் வாய் பலகையில் நேராக உட்கார்ந்தால் பழையபடி மூடிக்கொள்ளும். ஒவ்வொரு கம்பி வரிசைக்கும் இருபுறமும் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்து, நடுவில் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள். வாயின் விளிம்பு ரீப்பர்மேல் நிற்கும், நடுவில் காற்று ஓடும்.

மரக்குச்சி நடாதீர்கள். பாட்டிலுக்குள் போகிற மரம் எப்போதும் ஈரமாகவே இருக்கும், பூஞ்சணம் பிடித்தால் அது நேராகப் பாட்டிலுக்குள் போகும்.

எஸ்.எஸ். என்று வாங்கினேன், துருப்புள்ளி வருகிறதே?

கடலோரத்தில் 304 ரகத்தில் அப்படி வரும். உப்புக்காற்றைத் தாங்குவது 316 ரகம், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது. விலை அதிகம். 304-ஐ வைத்துக்கொண்டு, அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தாலும் சமாளிக்கலாம். ஸ்க்ரூ மட்டும் எப்படியும் எஸ்.எஸ். ஆக இருக்கட்டும், சாதாரண ஸ்க்ரூ துருப்பிடித்து மரத்தையும் கறையாக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் முள்மரம் மாதிரி இரும்பு ஸ்டாண்டு செய்ய முடியுமா?

இரும்பு வளையங்கள் அடுக்கடுக்காக, சுற்றிலும் கம்பிகள் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும், அதுதானே. பிரான்சில் அது சாதாரண வீட்டுச் சாமான். மார்செல் துஷாம் என்ற கலைஞர் 1914-இல் பாரிஸ் கடை ஒன்றில் அதை வாங்கி அப்படியே கலைப்படைப்பு என்று அறிவித்ததால் உலகப் புகழ் பெற்றுவிட்டது. இடம் மிச்சம், பார்க்கவும் அழகு. ஆனால் வெல்டிங் வேண்டும், இங்கே துருவோடு போராட வேண்டும், கம்பியின் சரிவு சரியாக அமையாவிட்டால் போர்தோ தோளில் தண்ணீர் தங்கும். அழகுக்கு என்றால் செய்யுங்கள்.

அண்ணா, ஐப்பசி கார்த்திகையில் என்ன செய்தாலும் காயவில்லை. வழி இருக்கிறதா?

இருக்கிறது தம்பி. அடைமழையில் காற்றிலேயே 90 சதவீதத்துக்கு மேல் ஈரம். அந்தக் காற்று எத்தனை முறை மாறினாலும் கொஞ்சம்தான் எடுத்துக்கொண்டு போகும். ஆகவே இரண்டு உதவி கொடுக்க வேண்டும்.

முதல் உதவி சூடு. கடைசி அலசலை வெந்நீரில் செய்யுங்கள், 60 டிகிரி போதும், கை பொறுக்காத சூடு. அரைக் கிலோ கண்ணாடி அந்தச் சூட்டில் பிடித்து வைத்திருக்கும் வெப்பம், கணக்குப்படி ஐந்து கிராம் தண்ணீரை ஆவியாக்கப் போதுமானது. உள்ளே ஒட்டியிருப்பது அதைவிடக் குறைவு. ஆனால் சூடான ஆவி மேலே ஏறும். கவிழ்த்தே வைத்திருந்தால் பாட்டிலின் அடிப்பக்கம் போய் அடைந்துகொண்டு, ஆறியதும் மறுபடி தண்ணீராகப் படியும். ஆகவே ஸ்டாண்டில் பத்து நிமிடம் வடியவிட்டு, கண்ணாடி சூடாக இருக்கும்போதே நிமிர்த்தி வையுங்கள். ஆவி வாய் வழியாகப் போய்விடும். ஆறியபின் மறுபடி ஸ்டாண்டுக்கு.

இரண்டாவது உதவி மீன்தொட்டிக்குப் போடும் ஏர் பம்ப். அதன் மெல்லிய குழாயைக் கவிழ்ந்திருக்கும் பாட்டிலுக்குள் அடிவரை ஏற்றிவிடுங்கள். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தரும் சின்ன பம்ப், பாட்டில் காற்றை நிமிடத்துக்கு நான்கு முறை மாற்றும். முதலில் சொன்ன 170 முறை முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அது முக்கால் பங்கு ஈரத்துக்கான கணக்கு; 90 சதவீத ஈரத்தில் அதைப்போல இரண்டரை மடங்கு வேண்டும், அதாவது கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். இரண்டு, நான்கு வாய் உள்ள பம்ப் என்றால் அத்தனை பாட்டிலுக்குப் பிரித்துக் கொடுக்கலாம், நேரம் அதற்கேற்பக் கூடும். பம்ப் இருக்கும் அறை சமையலறையாக இருக்க வேண்டாம். குக்கர் ஆவியையே உள்ளே ஊதுவதில் என்ன பயன்?

வெந்நீர் ஊற்றினால் பாட்டில் வெடிக்காதா?

குளிர்ந்த பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால் விரியும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீர், பிறகு சூடானது என்று படிப்படியாகப் போங்கள். சூடான பாட்டிலை ஈரக் கடப்பாக் கல் மேல் வைக்காதீர்கள். துணியோ மரமோ விரியுங்கள்.

மொட்டைமாடியில் வைக்கலாமா?

கோடையில் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று வீசும் முற்பகல் நேரம் இந்தக் கரையில் கிடைக்கும் வறண்ட காற்று. மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால் ஈரமும் சேர்ந்து வரும். காலையிலேயே கழுவி ஏற்றிவிடுங்கள். கவிழ்ந்த பாட்டிலின் அடிக்குழியில் வெளிப்பக்கமாகத் தண்ணீரும் தூசியும் சேரும். எடுப்பதற்கு முன் அதைத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிமிர்த்தும்போது வழிந்து வாயில் இறங்கும்.

புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் பாட்டில்களை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், பிறகு ஸ்டாண்டை. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது மாடியில் எதையும் விட்டுவைக்க முடியாத நிலையைப் பார்த்தோம்.

ஸ்டாண்டுக்கு அடியில் ட்ரே வைக்கலாமா?

வடியும் வரை வையுங்கள். வடிந்ததும் எடுத்துக் கொட்டிவிடுங்கள். வாய்க்கு நேர் கீழே தண்ணீர் நின்றால் அந்த ஈரத்தையே பாட்டில் மறுபடி வாங்கும்.

திருகுமூடி பாட்டிலில் கழுத்தில் ஒரு அலுமினிய வளையம் நின்றுவிடுகிறது. விடலாமா?

எடுத்துவிடுங்கள். அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் தண்ணீர் தங்கி, நிமிர்த்தும்போது வாய்ப்பக்கம் கசியும். கட்டிங் பிளேயரால் ஒரு இடத்தில் நறுக்கினால் கழன்றுவிடும். லேபிளுக்குச் சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்தால் பெரும்பாலும் தானே உரியும். எண்ணெய் வைத்த பாட்டிலை மறுபடி கழுவவும் அதே சோடாத் தண்ணீர்தான்.

காய்ந்த பிறகு உள்ளே வெள்ளைப் புள்ளிகள். ஸ்டாண்டில் குறையா?

இல்லை, போர்த் தண்ணீரின் உப்பு. கொஞ்சம் வினிகர் விட்டுக் குலுக்கினால் போகும். கடைசி அலசலை மட்டும் ஆர்.ஓ. தண்ணீரிலோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரிலோ செய்தால் வரவே வராது.

மாதம் நாலு பாட்டில்தான். அதற்கும் இவ்வளவு வேலையா?

வேண்டாம். அடியில் கட்டம் கட்டமாக ஓட்டை உள்ள பிளாஸ்டிக் கிரேட் ஒன்றை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அதில் கவிழ்த்துவிடுங்கள். வாய் ஓட்டைக்கு நேராக இருக்கட்டும்.

முழுசாகக் காய்ந்ததா என்று எப்படித் தெரியும்?

ஃப்ரிட்ஜில் வைத்துப் பனி படிகிறதா பார் என்று சிலர் சொல்வார்கள். நம் ஊருக்கு அந்தச் சோதனை செல்லாது. இங்கே சாதாரணக் காற்றில் இருக்கும் ஈரமே ஃப்ரிட்ஜ் குளிரில் பனியாகப் படியும். காய்ந்த பாட்டிலும் ஈரமாகத் தோன்றும். மெல்லிய கம்பி நுனியில் டிஷ்யூவைச் சுற்றி, அடிமேட்டைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் ஒரு வட்டம் ஓட்டி எடுங்கள். டிஷ்யூ காய்ந்து வந்தால் பாட்டில் தயார். ஈரம் கடைசியாக விட்டுப்போகும் இடம் அதுதான்.

இதே ஸ்டாண்டை வைத்து வீட்டில் திராட்சை ஒயின் செய்து பாட்டிலில் அடைக்கலாமா?

கூடாது. கடலூரில் 1937-ஆம் ஆண்டு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், புதுச்சேரியில் கலால் சட்டம். உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது இரண்டு இடத்திலும் குற்றம். எண்ணெயை இந்தப் பாட்டிலில் அடைத்து விற்க நினைப்பவர்களுக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம், லேபிள் என்று தனி விதிகள் உண்டு. இங்கே சொன்னதெல்லாம் சொந்த வீட்டுக்கு.

காயவைத்த பாட்டிலை நிரப்பும் வரை எப்படி வைப்பது?

காய்ந்த அன்றே நிரப்புவது உத்தமம். முடியாவிட்டால், வெயிலில் இருந்து எடுத்ததும் சூடாக மூடாதீர்கள். நிழலில் ஆறவிட்டு, காய்ந்த மூடியால் இறுக்கி மூடுங்கள். பழைய கார்க்கை மறுபடி போடாதீர்கள். ஒரு முறை ஒயினில் ஊறிய கார்க் ஈரத்தையும் வாசனையையும் விடாது. பிளாஸ்டிக் மேல்பாகம் வைத்த புதுக் கார்க்கோ, ரப்பர் அடைப்பானோ வாங்கிக்கொள்ளுங்கள். மூடி இல்லாமல் ஸ்டாண்டிலேயே விட்டுவைத்தால் பல்லியும் குளவியும் வாய் தேடி வரும், ஆகவே கீழ்ப் பலகைக்கு அடியில் நாலு காலையும் சுற்றிக் கொசுவலைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். காற்று தடையில்லாமல் போய்வரும்.